நடப்பு வருவாயும் வாழ்நாள் வருவாயும்

ஒருவர் ஓர் ஆண்டில் ஈட்டுவது நடப்பு வருவாய். வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெறும் வரை ஈட்டுவது முழுவதும் வாழ்நாள் வருவாய். பிற்காலத்தில் வரும் பணத்தை வட்டி விகிதப்படி கழித்து, ஒரே காலத்தின் மதிப்பாக்கிக் கூட்டுவது வழக்கம். வாழ்க்கைத் தரத்தை அளக்க உகந்தது வாழ்நாள் வருவாய்தான். ஆய்வாளர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக் கணக்கு.

மில்டன் ஃப்ரீட்மன் 1957இல் வெளியிட்ட நுகர்வுக் கோட்பாட்டில் நிலையான வருவாயையும் தற்காலிக வருவாயையும் பிரித்துக் காட்டினார். வேலையிழப்பு, நோய், போனஸ் போன்றவற்றால் வரும் ஏற்ற இறக்கம் சில ஆண்டுகளின் சராசரியில் ஓரளவு தணிந்துவிடும். எந்த வயதில் அளக்கிறோம் என்பதால் நேரும் பிழை அப்படித் தணிவதில்லை. அதனாலேயே அது கூடுதல் கவனத்துக்குரியது.

எல்லோருடைய சம்பளமும் ஒரே வேகத்தில் உயர்வதில்லை. பள்ளிப் படிப்போடு கட்டட வேலைக்குப் போனவர் 24 வயதில் முழுக் கூலி வாங்குவார். அதே வயதில் மருத்துவ மாணவருக்கு அநேகமாகச் சம்பளமே இராது. 45 வயதில் மருத்துவர் பன்மடங்கு ஈட்டுவார். ஆகவே இளம் வயதில் எடுக்கும் கணக்கு, வாழ்நாள் இடைவெளியைக் குறைத்தே காட்டும், சில வேளை தலைகீழாகவும் காட்டும்.

ஸ்டீவன் ஹைடர், கேரி சோலன் ஆகியோர் 2006இல் இதை அளந்தனர். 1930களின் தொடக்கத்தில் பிறந்த அமெரிக்க ஆண்களின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளில் 1951 முதல் 1991 வரையிலான வருவாய் இருந்தது. வாழ்நாள் வருவாயில் உள்ள வேறுபாடு நடப்பு வருவாயில் எவ்வளவு தெரிகிறது என்பதைக் காட்டும் கெழு, இருபது வயதையொட்டி 1-க்கு வெகு கீழே இருந்தது. 30களின் முற்பகுதியில் 1-ஐ எட்டி, 40களின் நடுப்பகுதி வரை அதையொட்டியே நின்றது. அந்த வயதில்கூட ஓராண்டுக் கணக்கில் தற்காலிக ஏற்ற இறக்கம் கலந்தே இருக்கும்.

தலைமுறை ஆய்வுகளில் இத்தகைய அளவைப் பிழையின் விளைவு பெரிது. ஓராண்டு வருவாயை நம்பிய பழைய அமெரிக்க ஆய்வுகள் தந்தை, மகன் வருவாய்த் தொடர்பைச் சுமார் 0.2 என்றன. பல ஆண்டுச் சராசரியைக் கொண்டு சோலன் 1992இல் அதை 0.4 அல்லது அதற்கும் மேல் என மதிப்பிட்டார். தொடர்பு குறைவு, ஆகவே ஏழையின் மகன் முன்னேறுவது எளிது என்ற எண்ணத்துக்கு ஓரளவு அளவைப் பிழையே காரணமாயிருந்தது.

30களின் முற்பகுதி முதல் 40களின் நடுப்பகுதி வரை என்ற வயது வரம்பு எங்கும் பொருந்தும் விதியன்று. ஆண்டர்ஸ் பூல்மார்க், மேத்யூ லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் 2006இல் ஸ்வீடன் தரவுகளை ஆராய்ந்தபோது ஆண்களுக்கு அமெரிக்காவை ஒத்த முடிவே கிடைத்தது. பெண்களுக்கும் வெவ்வேறு காலத்தில் பிறந்தோருக்கும் வளைவு மாறுபட்டது.