'நேத்து ராத்திரி பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு?': நோய்ப் புலனாய்வாளர்களுக்குக் களத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் 1995-ல் தொடங்கி, மே, ஜூன் மாதம் வந்தாலே பெற்றோருக்கு நடுக்கம்தான். இரவு நல்லபடியாகப் படுத்துத் தூங்கிய குழந்தைக்கு விடிகாலையில் வலிப்பு வரும், நினைவு தப்பும். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் நோய் தானாக நின்றுவிடும். மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். ஆய்வகங்கள் வைரஸைத் தேடிக்கொண்டே இருந்தன.

2013, 2014 ஆண்டுகளில் டெல்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் (என்.சி.டி.சி), அமெரிக்காவின் சி.டி.சி-யும் சேர்ந்து அங்கே விசாரணை நடத்தின. அந்தக் குழுவில் பயிற்சியில் இருந்த புலனாய்வு அதிகாரிகளும் இருந்தார்கள். ரத்தம், சிறுநீர் மாதிரிகளோடு சேர்த்து அவர்கள் சேகரித்தது, வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய பதில்களை. அதில் ஒரு கேள்வி ரொம்பச் சாதாரணமானது: முந்தின நாள் ராத்திரி பிள்ளை சாப்பிட்டதா?

யார் இவர்கள்?

ஓரிடத்தில் திடீரென நோய் பரவும்போது எங்கிருந்து வந்தது, யாரைத் தாக்குகிறது, எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடிப்பவர்கள் கள நோய்ப்பரவலியலாளர்கள். இவர்களுக்கான பயிற்சி 1951-ல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய இ.ஐ.எஸ் திட்டத்திலிருந்து வந்தது. கொரியப் போர்க்காலத்தில், கிருமி ஆயுதத் தாக்குதல் வந்துவிடுமோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அதன் சின்னத்தைப் பார்த்தால் வேலை என்னவென்று புரிந்துவிடும்: நடந்து நடந்து ஓட்டை விழுந்த ஷூவின் அடிப்பாகம்.

இந்தியாவில் சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-லேயே இரண்டு ஆண்டு களப் பயிற்சிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. டெல்லி என்.சி.டி.சி-யின் இந்திய இ.ஐ.எஸ் திட்டம் 2012-ல் வந்தது. இரண்டிலும் வகுப்பறை கொஞ்சம்தான். பயிற்சியின் பெரும்பகுதி ஒரு வழிகாட்டியின் மேற்பார்வையில் உண்மையான நோய்ப் பரவல்களுக்கு நடுவே நடக்கிறது. பரீட்சை எழுதி மட்டும் பாஸ் ஆக முடியாது. ஒரு நோய்ப் பரவலை நேரில் விசாரித்திருக்க வேண்டும், ஒரு கண்காணிப்பு அமைப்பை மதிப்பிட்டிருக்க வேண்டும், அறிக்கை எழுதி அதைச் சபையில் முன்வைத்திருக்க வேண்டும்.

நோயில்லாதவரிடம் என்ன கேள்வி?

களத்தில் இறங்கியதும் முதல் வேலை, யாரை 'நோயாளி' என்று எண்ணுவது என வரையறுப்பது. எந்த அறிகுறி, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து? இதில் சறுக்கினால் பிறகு வரும் எல்லா எண்ணும் தப்பு. அடுத்தது பட்டியல்: ஒரு நோயாளிக்கு ஒரு வரி, வயது, ஊர், அறிகுறி தொடங்கிய நேரம். நாம் ஆபீஸில் தினமும் முறைத்துப் பார்க்கும் அதே எக்ஸெல் ஷீட்தான். டேட்டா வேலை பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன், பாதி விடை பெரும்பாலும் அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்யும்போதே தெரிய ஆரம்பித்துவிடும்.

ஆனால் பயிற்சியின் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். கல்யாண விருந்தில் சாப்பிட்ட 250 பேரில் 60 பேருக்கு வாந்தி, பேதி. அதில் 50 பேர் பிரியாணி சாப்பிட்டவர்கள். ஊரே பிரியாணியைத் திட்டும், சமையல்காரர் மேல் போலீஸில் புகார்கூடப் போயிருக்கும்.

புலனாய்வாளர் மீதி 190 பேரிடமும் போவார். பிரியாணி சாப்பிட்டவர்கள் மொத்தம் 200. நோய் வந்தது 50 பேருக்கு, அதாவது 25%. சாப்பிடாத 50 பேரில் 10 பேருக்கு, 20%. பெரிய வித்தியாசம் இல்லை. ஐஸ்கிரீமைப் பாருங்கள்: சாப்பிட்ட 100 பேரில் 55 பேருக்கு நோய், சாப்பிடாத 150 பேரில் வெறும் 5 பேருக்கு. 55% எங்கே, 3% எங்கே! நோயாளிகளை மட்டும் விசாரித்திருந்தால் சந்தேகம் பிரியாணி மேலேயே நின்றிருக்கும்.

முசாபர்பூரிலும் இதே தர்க்கம்தான். 2014-ல் நோயுற்ற 104 குழந்தைகளையும், அதே வயதில் இந்த நோய் இல்லாத 104 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் லிச்சிப் பழம் சாப்பிட்டதற்கும் நோய்க்கும் வலுவான தொடர்பு தெரிந்தது; வாய்ப்பு விகிதம் 9.6. இரவு உணவு சாப்பிடாததற்கு 2.2. லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின் போன்ற நச்சுகள், உடல் சர்க்கரையைத் தயாரிப்பதைத் தடுக்கின்றன. பகலெல்லாம் தோப்பில் பழம் தின்றுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் தூங்கிவிடும், ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு விடிகாலையில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது. வேலூரைச் சேர்ந்த வைராலஜி நிபுணர் டி.ஜேக்கப் ஜானும் லிச்சி நச்சைப் பற்றி 2014-லேயே எழுதியிருந்தார். விசாரணையின் முழு முடிவு 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது.

அதற்காகச் சிகிச்சை காத்திருக்கவில்லை. வரும் குழந்தைக்கு உடனே சர்க்கரை அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பது 2013 விசாரணைக்குப் பிறகே சொல்லப்பட்ட பரிந்துரை. அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள் 44%, 2014-ல் 31%. அந்தக் குறைவு முழுவதும் குளுக்கோஸால்தான் என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை அது.

எத்தனை பேர் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டுக் கருவி சொல்லும் அளவுகோல், 2 லட்சம் பேருக்குப் பயிற்சி பெற்ற ஒரு கள நோய்ப்பரவலியலாளர். 140 கோடிக்குக் கணக்குப் போட்டால் 7,000 பேர். எல்லாரையும் இரண்டு ஆண்டு உட்கார வைத்துப் பயிற்றுவிப்பது நடக்காத காரியம். அதனால்தான் வேலையில் இருந்துகொண்டே முடிக்கும் மூன்று மாத அடிப்படைப் பயிற்சியும் இருக்கிறது. மாவட்டக் கண்காணிப்பு அலகில் இருப்பவர் தன் சொந்த மாவட்டத்தின் தரவை வைத்தே கற்றுக்கொள்வார்.

சிக்கல் பயிற்சிக்குப் பிறகுதான். 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் பல மாநிலங்களில் மாவட்ட நோய்ப்பரவலியலாளர் பணியிடம் இன்றும் ஒப்பந்த அடிப்படையில்தான். நன்றாகக் கற்ற ஒருவர் வேறு நிரந்தர வேலை கிடைத்தால் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவரோடு அந்த மாவட்டத்தின் அனுபவமும் போய்விடுகிறது.

2019 கோடையில் முசாபர்பூரும் சுற்றுவட்டாரமும் மறுபடி செய்தியில் அடிபட்டன. பீகாரில் அந்த முறை 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ராத்திரி பிள்ளையைப் பட்டினியாகத் தூங்க விடாதீர்கள் என்ற பரிந்துரை அப்போதே ஐந்து வருடம் பழையது.