சுட்ட மண்ணில் சில முகங்கள்

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கலக்கிறது. அவ்வாற்றங்கரை வழியே மேற்கு நோக்கிச் சாத்தூரைக் கடந்து சென்றால் வெம்பக்கோட்டையை அடையலாம். அங்குள்ள தொல்மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிற்று. சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சுடுமண் காளை உருவங்களும் வெளிப்பட்டன. தலையணியோடு கூடிய ஆண் தலையுருவம் ஒன்றும் கிடைத்தது.

சுடுமண் முகம் என்றதும் பண்டைய ரோமாபுரியின் நாடக முகமூடிகள் சிலருக்கு நினைவில் எழலாம். ஆயின் அவற்றின் வரலாறு வேறு. மேடையில் நடிகர் அணிந்தவை துணி, மரம் முதலான இலேசான பொருள்களால் ஆனவை. அவை மக்கி மறைந்தன. இன்று எஞ்சியிருக்கும் சுடுமண் முகங்கள் பெரும்பாலும் அவற்றின் படிகளே. இல்லங்களில் அலங்காரமாகவும், கோயில்களில் காணிக்கையாகவும், கல்லறைகளில் துணைப்பொருளாகவும் அவை வைக்கப்பட்டன.

இக்கலை கிரேக்கரிடமிருந்து ரோமானியர் பெற்றது. சிசிலிக்கு அருகிலுள்ள லிபாரித் தீவை அவர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கைப்பற்றினர். அதற்கு முந்திய கிரேக்கக் கல்லறைகளிலிருந்து சிறிய சுடுமண் முகமூடிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. எகிப்தின் நவுக்ராடிஸில் பிறந்த பொல்லுக்ஸ் என்னும் அறிஞர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாம் தொகுத்த சொற்களஞ்சியத்தில் நகைச்சுவை நாடகத்திற்குரிய 44 முகமூடிகளை வகைப்படுத்தியுள்ளார். கிழவர், இளைஞர், அடிமை, பெண்டிர் எனத் தனித்தனி முகங்கள்! முகத்தைக் கண்டவுடனே பாத்திரம் இன்னதென்று அவையோர் அறிந்தனர். முகமூடிக்கு இலத்தீனில் 'பெர்சோனா' என்று பெயர். 'ஆள்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது.

ரோமானியரோடு தமிழகம் கொண்ட கடல் வாணிகத்திற்குச் சான்றுகள் உண்டு. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இத்தாலியச் செந்நிறக் கிண்ணங்களின் உடைசல்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. அவ்வுடைசல்களின் காலத்தைக் கொண்டே, உடன் கிடைத்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் அவர் கணித்தார். எப்பொருள் எம்மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பதே சான்றின் உயிர். தோற்ற ஒப்புமை மட்டும் சான்றாகாது.

எனவே, பெருமை கருதி வெம்பக்கோட்டை முகத்திற்கு ரோமானிய முகமூடி அணிவிக்க வேண்டியதில்லை. வைப்பாற்றங்கரையில் கிடைத்த அம்முகம் தன் பெயராலேயே மதிப்புடையது. நம் வயலிலோ கிணற்றடியிலோ இத்தகைய ஓட்டுத்துண்டு தென்படுமாயின், அதை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கண்ட இடத்திலேயே விட்டு உரியவர்க்கு அறிவிப்போமாக. இடம் பெயர்ந்த ஓடு பேச்சிழந்த ஓடாகிவிடும்.