காலவெளியின் நடுக்கம் – 9: அந்த மின்னஞ்சலை நம்பலாமா?

உறையைப் பிரித்தார்கள். பதில் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது: போலி.

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியா நகரில், 2011 மார்ச் மாதக் கூட்டத்தில் நிறுத்தியிருந்தோம். 2010 செப்டம்பரில், ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கருவிகளில் பதிவான சமிக்ஞை, பெருநாய் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்ததுபோல் தெரிந்ததால் ‘பெரிய நாய்’ என்று செல்லப்பெயர் வாங்கியிருந்தது. அதை ஆறு மாதம் அலசி, ஆய்வுக் கட்டுரையின் வரைவையும் தயாராக வைத்துக்கொண்டுதான் லைகோ விஞ்ஞானிகள் அத்தனை பேரும், உறைக்குள் இருந்த பதிலுக்காக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். விண்ணிலிருந்து எந்த அலையும் வந்திருக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் அறிய, கருவியின் கண்ணாடிகளை ரகசியமாக அசைத்து உண்டாக்கிய பொய்ச் சமிக்ஞை அது.

இப்படி ஒரு கொடுமையான பரீட்சை எதற்கு? ஜோசப் வெபரின் கதியை நினைத்துப் பாருங்கள். ஈர்ப்பலையைப் பிடித்துவிட்டதாக 1969இல் அவர் அறிவித்தார். வேறு எவருடைய கருவியிலும் அது சிக்கவில்லை. 2000இல் இறக்கும்வரை அவரும் தன் வாதத்திலிருந்து இறங்கி வரவில்லை. துறைக்கே ஒட்டிக்கொண்ட அந்த அவப்பெயர் இன்னொரு முறை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே லைகோ தன்னைத் தானே ஏமாற்றிப் பார்த்தது. பரீட்சையில் விஞ்ஞானிகள் தேறிவிட்டார்கள். நுழைத்ததைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சமிக்ஞை எவ்வளவுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகம்தான் இந்த வாரத்தின் கதாநாயகன்.

*

பழைய கருவிகள் 2010இலேயே நிறுத்தப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் பணி நடந்தது. லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும், வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலும் நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டிரண்டு, ‘எல்’ வடிவத்தில். குழாய்களின் கோடியில் 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள், மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்கின. ஈர்ப்பலை கடந்துபோனால் ஒரு குழாயின் நீளம் கூடும், மற்றதன் நீளம் குறையும். இரண்டிலும் ஓடித் திரும்பும் லேசர் ஒளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

2015 செப்டம்பர் 18 அன்று முறையான ஆய்வைத் தொடங்குவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய நாட்கள் வெள்ளோட்டம். 13ஆம் தேதி இரவு லிவிங்ஸ்டனில் ராபர்ட் ஸ்கோஃபீல்ட், அனமரியா எஃப்லர் என்ற இருவர் கருவியைச் சுற்றிச் சத்தமும் அதிர்வும் உண்டாக்கி, எதற்கெல்லாம் அது அசைகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். களைத்துப்போய், விடியற்காலை நான்கு மணி வாக்கில் சோதனையை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருந்தால் இந்தத் தொடரின் போக்கே மாறியிருக்கும்.

4 மணி 50 நிமிடம் 45 விநாடி. லிவிங்ஸ்டன் கருவி அசைந்தது. 7 மில்லிவிநாடி கழித்து, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஹான்ஃபோர்டு கருவியும் அதேபோல் அசைந்தது. நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது பிற்பகல் மூன்று இருபது. ஐந்தில் ஒரு பங்கு விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு கட்டுப்பாட்டு அறைகளிலும் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

*

தெரிந்துகொண்டவர் ஜெர்மனியில் இருந்தார். ஹனோவர் நகரின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மார்கோ டிராகோ என்ற இத்தாலிய இளைஞர். அங்கே மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. கருவித் தரவுகளைச் சலிக்கும் மென்பொருள், அலை வந்த மூன்று நிமிடத்துக்குள் தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. திறந்தால் இரண்டு வரைபடங்கள். கண்ணாலேயே பார்க்க முடிகிற அளவுக்குத் தெளிவான சமிக்ஞை, இரண்டிலும் ஒரே அச்சு.

டிராகோவுக்கு முதலில் தோன்றியது: இது போலிதான்.

பக்கத்து அறையில் இருந்த ஆண்ட்ரூ லண்ட்கிரென் என்ற சக விஞ்ஞானியிடம் போனார். இருவரும் அமெரிக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஹான்ஃபோர்டில் நள்ளிரவு தாண்டிய நேரம், எவரும் எடுக்கவில்லை. லிவிங்ஸ்டனில் எடுத்தவர், கருவி வழக்கம்போல் ஓடுகிறது என்றார். ஒரு மணி நேரம் தடுமாறிவிட்டு, லைகோ கூட்டமைப்பு முழுவதற்கும் டிராகோ மின்னஞ்சல் அனுப்பினார். யாராவது பொய்ச் சமிக்ஞை நுழைத்தீர்களா?

கேள்வி ஆயிரம் பேருக்குப் போனது. பதில் சொல்ல வேண்டியவர்கள் மிகச் சிலர். ரகசியப் பரீட்சை வைக்கும் அதிகாரம் பெற்ற அந்தக் குழுவினர். அவர்கள் வாய் திறப்பார்களா?

திறந்தார்கள். போலிச் சமிக்ஞை நுழைக்கும் ஏற்பாடே அன்று தயாராக இருக்கவில்லை. இம்முறை பிரிப்பதற்கு எந்த உறையும் கிடையாது.

சரி, அதிகாரபூர்வமாக நுழைக்கவில்லை. திருட்டுத்தனமாக எவராவது நுழைத்திருந்தால்? அதற்கும் தனி விசாரணை நடந்தது. இரண்டு இடங்களிலும் கருவியின் நாடி நரம்பெல்லாம் தெரிந்து, தடயம் விடாமல் செய்யக்கூடியவர் யார் யார், எந்தக் கம்பி வழியாகச் செய்திருக்க முடியும் என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். அப்படி எதுவும் நடந்ததற்கு அடையாளம் இல்லை.

மனிதர் செய்யவில்லை என்றால் இயற்கை? நிலநடுக்கம், காற்று, மின்சாரக் கோளாறு என்று சூழலைக் கண்காணிக்க இரண்டு லட்சம் துணைப் பதிவுகள் இருந்தன. அவற்றைக் கிளறியதில் திடுக்கிட வைக்கும் ஒரு தகவல் கிடைத்தது. அலை வந்த அதே விநாடியில், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் அசாத்திய வலிமையோடு ஒரு மின்னல் வெட்டியிருக்கிறது! அமெரிக்காவின் இரு மூலைகளில் உள்ள கருவிகளை ஒரே நேரத்தில் அசைக்க மின்னலின் காந்தப்புலத்தால் முடியுமா? காந்தமானிகளைப் பார்த்தார்கள். அது உண்டாக்கிய மாற்றம் அந்தச் சமிக்ஞையின் அருகில்கூட வரவில்லை. மின்னலுக்கும் விடுதலை.

மிச்சமிருந்தது தற்செயல் ஒன்றுதான். இரண்டு கருவிகளிலும் எப்போதும் ஏதாவது இரைச்சல் இருக்கும். தற்செயலாக அவை ஒன்றுபோல் அமைந்திருக்கலாம் அல்லவா? இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருந்தார்கள். கருவிகளை ஒன்றும் தொடாமல் அப்படியே ஓடவிட்டு, இரண்டும் சேர்ந்து இயங்கிய 16 நாள் தரவைச் சேகரித்தார்கள். பிறகு ஒரு கருவியின் பதிவை மட்டும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தி மற்றதோடு ஒப்பிட்டார்கள். நேரம் பிசகிய பிறகு எது பொருந்தினாலும் அது தற்செயல்தான். இப்படி லட்சக்கணக்கான முறை நகர்த்தி, 6,08,000 ஆண்டுகளுக்குச் சமமான தரவை உருவாக்கினார்கள். அத்தனையிலும் அந்தச் சமிக்ஞையின் வலிமைக்கு நிகரான ஒரு பொருத்தம்கூட அகப்படவில்லை.

சந்தேகத்திடம் இனி ஆயுதம் இல்லை.

*

அப்படியானால் அந்த 0.2 விநாடியில் என்னதான் நடந்தது?

சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள். ஒன்று 36 சூரியன்களின் நிறை, மற்றது 29. ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கின. நெருங்க நெருங்க வேகம் கூடியது. அலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. மோதி ஒன்றாயின. மிஞ்சியது 62 சூரிய நிறை. கூட்டிப் பாருங்கள், மூன்று சூரியன்கள் கணக்கில் குறைகின்றன. அந்த நிறை முழுவதும் ஈர்ப்பலை ஆற்றலாக வெளியேறியது. உச்சக் கணத்தில் அதன் திறன், நம்மால் காணக்கூடிய பேரண்டத்தின் எல்லா விண்மீன்களும் சேர்ந்து உமிழும் ஒளியைவிடப் பல மடங்கு.

அத்தனை பெரிய ஊழி, பூமிக்கு வந்து சேரும்போது நான்கு கிலோமீட்டர்க் குழாயை எவ்வளவு அசைத்தது? ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு.

சமிக்ஞையின் வால்பகுதி இன்னொரு கதை சொன்னது. புதிதாகப் பிறந்த கருந்துளை, தட்டிய மணி அதிர்ந்து ஓய்வதுபோல் அடங்கியிருக்கிறது. கருந்துளையைச் சீண்டினால் அது இப்படித்தான் அடங்கும் என்று 1970இலேயே கணக்கிட்டுச் சொன்னவர் சி.வி.விஸ்வேஸ்வரா. பெங்களூரில் வாழ்ந்த அவர், தன் கணிப்பு தரவில் எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு 2017இல் மறைந்தார்.

2016 பிப்ரவரி 11. வாஷிங்டனில் பத்திரிகையாளர் மன்றம். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்துவிட்டோம் என்று லைகோவின் செயல் இயக்குநர் டேவிட் ரைட்ஸி அறிவித்தார். ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட கட்டுரை அன்றே வெளியானது. சென்னைக் கணிதவியல் கழகத்தினரும் அந்தப் பட்டியலில் உண்டு.

இயற்பியலுக்கு இதனால் கிடைத்தது என்ன? 1916இல் ஐன்ஸ்டைன் கணித்து, 1936இல் அவரே இல்லையென்று மறுக்கப் பார்த்த அலை, நேரடியாகச் சிக்கியது. இரண்டு கருந்துளைகள் ஜோடியாகச் சுற்றும், இணையும் என்பதற்கு முதல் சான்று கிடைத்தது. விண்மீன் இறந்து உருவாகும் கருந்துளைக்கு 30 சூரிய நிறை இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணக்குகளைத் திருத்த வேண்டியதாயிற்று. ஈர்ப்பு மிகக் கடுமையாக இருக்கும் இடத்திலும் பொதுச் சார்பியல் செல்லுபடியாகிறது என்றும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளியே விடாத பொருட்களை ஆராய ஒரு வழி திறந்தது. 2017இல் ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் மூவருக்கும் நோபல் பரிசு. இவர்களோடு அடித்தளம் போட்ட ரொனால்ட் டிரெவர், அறிவிப்புக்கு ஏழு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார்.

*

ஆனால் ஒரு குறை. கருந்துளைகள் மோதினால் ஒளி வராது என்பதே பொது எதிர்பார்ப்பு. ஆகவே தொலைநோக்கியில் பார்த்து ‘இதோ, இங்கேதான்’ என்று எவரும் சுட்டிக்காட்ட முடியவில்லை. அலையும் ஒளியும் ஒரே மோதலிலிருந்து சேர்ந்து வந்தால்?

2017 ஆகஸ்ட் 17. பூமியைச் சுற்றும் ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. ஹான்ஃபோர்டு கருவியின் பதிவைப் பார்த்தார்கள்: வெடிப்புக்கு 1.7 விநாடி முன்பு ஓர் ஈர்ப்பலை வந்து முடிந்திருக்கிறது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள்! பல்லாண்டுக் கனவு.

கருவிகளிலேயே கூர்மையானது அப்போது லிவிங்ஸ்டன்தான். ஹான்ஃபோர்டுக்குக் கேட்டது அதற்கு இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். லிவிங்ஸ்டனிலிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வேறு எவராலும் உறுதிசெய்ய முடியாமல் போன வெபரின் பழைய பாடம் எல்லோருக்கும் நினைவிருந்தது. உலகெங்கும் தொலைநோக்கிகள் காத்திருக்க, லிவிங்ஸ்டனின் தரவை எடுத்து விரித்துப் பார்த்தார்கள். சமிக்ஞை இருக்க வேண்டிய இடத்தில், அவர்கள் கண்டது...

(தொடரும்)