முன்மருத்துவப் படிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

முன்மருத்துவப் படிப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள், தமது இளநிலைப் பட்டப்படிப்புக் காலத்தில் மேற்கொள்ளும் ஆயத்தத்தைக் குறிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மாணவர்கள் பள்ளிக் கல்விக்குப் பின் நேரடியாக மருத்துவப் படிப்பில் சேர்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலோ மருத்துவம் பட்டத்திற்குப் பிந்தைய படிப்பாகும். முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அடுத்து நான்காண்டு மருத்துவக் கல்லூரி, அதன் பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை மருத்துவமனைப் பயிற்சி என இப்பாதை அமைந்துள்ளது.

முன்மருத்துவம் என்பது பொதுவாக ஒரு பட்டத்தின் பெயர் அன்று. மாணவர் உயிரியல், வரலாறு, இசை, பொறியியல் என எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகக் கொள்ளலாம். மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் அறிவியல் பாடங்களையும் உடன் படித்திருந்தால் போதுமானது.

வரலாறு

1893 இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, இளநிலைப் பட்டத்தைச் சேர்க்கைக்கான தகுதியாக வைத்தது. அக்காலத்தில் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்ட மருத்துவக் கல்லூரிகள் பல இருந்தன. 1910 இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முறையையே முன்மாதிரியாகக் காட்டியது. தொடர்ந்த ஆண்டுகளில் தரம் குறைந்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளில் பெரும்பாலானவையும் அவற்றுடன் மறைந்தன. பொது நுழைவுத் தேர்வு 1928 இல் தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்றைய எம்கேட் தேர்வாகும்.

போட்டியின் அளவு

2023 ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கு 52,577 பேர் விண்ணப்பித்தனர். 22,981 பேர் சேர்ந்தனர். சேர்ந்தவர்களின் சராசரித் தரப்புள்ளி 4.0 க்கு 3.77 ஆகவும், சராசரி எம்கேட் மதிப்பெண் 511.7 ஆகவும் இருந்தன. இவ்வெண்ணிக்கை முழுப் போட்டியையும் காட்டுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதலாண்டில் மருத்துவராகும் எண்ணத்துடன் வந்து, வேதியியல் பாடங்களுடன் அவ்வெண்ணத்தைக் கைவிட்டவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை.

பாடங்களும் காலமும்

உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் ஆய்வகத்துடன் கூடிய இரண்டு பருவங்களும், உயிர்வேதியியலில் ஒரு பருவமும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன. ஆங்கிலம், புள்ளியியல், உளவியல், சமூகவியல் ஆகியவற்றைப் பல கல்லூரிகள் கேட்கின்றன அல்லது பரிந்துரைக்கின்றன. தேவைகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். கரிம வேதியியலின் இரண்டாம் பருவத்திற்குப் பதிலாக உயிர்வேதியியலை ஏற்கும் கல்லூரிகளும் உள்ளன.

இப்பட்டியலின் நீளத்தை விட அதன் வரிசையே மாணவரை நெருக்குகிறது. பொது வேதியியலை முடித்தபின்பே கரிம வேதியியலை எடுக்க முடியும். அதன் பின்னரே உயிர்வேதியியல் வரும். இவை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பருவங்களைப் பிடிக்கும். இடைவெளியின்றி மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல விரும்புபவர் மூன்றாம் ஆண்டின் இறுதியிலேயே, அதாவது ஆறாவது பருவம் முடிந்தவுடன், விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் எம்கேட் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். எனவே முதற்பருவத்தில் வேதியியலைத் தொடங்கியவருக்கு ஒரு பருவம் மட்டுமே மிஞ்சும். இரண்டாம் ஆண்டில் தொடங்கியவருக்குக் கோடை வகுப்புகளோ ஓராண்டுத் தாமதமோ தவிர வேறு வழியில்லை.

தரப்புள்ளிகளுக்கும் இது பொருந்தும். முதலாண்டில் 30 அலகுகளில் 2.8 பெற்ற ஒரு மாணவர், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 60 அலகுகளில் 3.9 பெற்றாலும் விண்ணப்பிக்கும்போது அவரது சராசரி 3.53 ஆகவே இருக்கும். நான்காம் ஆண்டையும் அதே தரத்தில் முடித்து, அதன் பின் விண்ணப்பித்தால் 3.63 ஆகும். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையில், ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண் நீக்கப்படுவதில்லை, இரண்டுமே கணக்கில் சேரும். அறிவியல், கணிதப் பாடங்களின் சராசரி தனியாகவும் கணக்கிடப்படுகிறது. கல்லூரிகள் மதிப்பெண்களின் ஏறுமுகத்தையும் கவனிப்பதால், தொடக்கச் சறுக்கல் ஒன்று மட்டுமே வாய்ப்பை அழித்துவிடுவதில்லை.

எம்கேட் தேர்வு

2015 முதல் நடைமுறையில் உள்ள வடிவம் நான்கு பகுதிகளைக் கொண்டது. உயிரியல் சார்ந்தது, வேதியியல் மற்றும் இயற்பியல் சார்ந்தது, உளவியல் மற்றும் சமூகவியல் சார்ந்தது என மூன்று பகுதிகள் பாட அறிவைச் சோதிக்கின்றன. நான்காவது பகுதி உரைப்பகுதிகளைப் படித்து ஆராய்ந்து விடையளிப்பது. இதற்குப் பாடப்புத்தகம் எதுவும் இல்லை; குறுகிய காலப் பயிற்சியால் உயர்த்தக் கடினமான பகுதியும் இதுவே எனலாம். ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 472 முதல் 528 வரை அமையும். இடைவேளைகளுடன் தேர்வு சுமார் ஏழரை மணி நேரம் நடக்கும். ஓராண்டில் மூன்று முறையும், தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் மட்டுமே எழுத முடியும்.

பட்டறிவு

நோயாளிகளுடனான தன்னார்வப் பணி, மருத்துவரின் உடனிருந்து அவர் வேலையைக் கவனித்தல், ஆய்வகப் பணி, சமூகத் தொண்டு ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. விண்ணப்பத்தில் 15 செயற்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் 700 எழுத்துருக்களுக்குள் விவரிக்க வேண்டும். பதினைந்தையும் நிரப்புவது கட்டாயமன்று. ஒரே முதியோர் இல்லத்தில் மூன்றாண்டுகள் வாரந்தோறும் பணியாற்றியவருக்கு, பத்து இடங்களில் ஒரு மாதம் பணியாற்றியவரை விடச் சொல்வதற்குச் செய்தி இருக்கும். வெளிநாட்டு மருத்துவ முகாம்களுக்குச் சென்று, பயிற்சியின்றி ஊசி போடுதல், தையலிடுதல் போன்றவற்றைச் செய்வது நோயாளிக்குத் தீங்கானது. அது விண்ணப்பத்தில் தகுதிக் குறைவாகவே கருதப்படக்கூடும்.

பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் தேவை. நூற்றுக்கணக்கானோர் அமரும் வகுப்புகளில் பேராசிரியருக்கு மாணவரைத் தெரிந்திருக்காது. அதனால் அலுவல் நேரங்களில் அவரைச் சந்தித்துப் பழகுவதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகிறது.

விண்ணப்பமும் செலவும்

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு ஏஎம்காஸ் என்னும் பொது விண்ணப்பம் பயன்படுகிறது. டெக்சாசு மாநிலத்திலும், டி.ஓ. பட்டம் வழங்கும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளிலும் தனி முறைகள் உள்ளன. டி.ஓ. மருத்துவர்களும் ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமை பெற்றவர்களே.

விண்ணப்பங்களை மே இறுதி அல்லது சூன் தொடக்கம் முதல் சமர்ப்பிக்கலாம். மதிப்பெண்கள் சரிபார்க்கப்படப் பல வாரங்கள் ஆகக்கூடும். பின்னர் ஒவ்வொரு கல்லூரியும் தனிக் கேள்விகளுடன் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தை அனுப்பும். நேர்முகத் தேர்வு அதன் பின்னரே. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான பல்நிலைக் குறுநேர்காணல் முறையைப் பல கல்லூரிகள் கையாளுகின்றன. 2020 இல் பரவிய கொரோனாத் தொற்றுக்குப் பின் நிகழ்படம் வழியாகவும் நேர்காணல்கள் நடக்கின்றன. பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வரப் பரிசீலிப்பதால், இறுதி நாள் வரை காத்திருப்பவருக்கு எஞ்சிய இடங்களே கிடைக்கும்.

ஏஎம்காஸ் கட்டணம் 2024 இல் முதற் கல்லூரிக்கு 175 டாலராகவும், அடுத்த ஒவ்வொன்றிற்கும் 40 டாலருக்கு மேலாகவும் இருந்தது. 15 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் இதுவே 700 டாலரைத் தாண்டிவிடும். எம்கேட் கட்டணமும் இரண்டாம் கட்டக் கட்டணங்களும் இதில் சேராதவை. ஊதியமில்லாத் தன்னார்வப் பணிக்கு நேரம் ஒதுக்குவதும், பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கு ஒரு செலவே. வருமானம் குறைந்தோருக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கட்டண உதவி வழங்குகிறது. இவ்வுதவியைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். செலுத்திய பணம் திருப்பித் தரப்படுவதில்லை.

இடைவெளி ஆண்டு

இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பெரும்பான்மையோர் பட்டம் பெற்றபின் ஓராண்டாவது இடைவெளி விட்டு வருபவர்கள். இக்காலத்தில் ஆய்வு உதவியாளராகவோ மருத்துவக் குறிப்பெழுதுநராகவோ பணியாற்றுவது வழக்கம். நான்காம் ஆண்டின் மதிப்பெண்களும் விண்ணப்பத்தில் சேர்வதால் இது தோல்வியின் அடையாளமாகக் கருதப்படுவதில்லை.

வெளிநாட்டு மாணவர்கள்

மாணவர் நுழைவிசைவில் படிப்பவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஏற்கும் கல்லூரிகளில் சில, கட்டணத் தொகையை முன்கூட்டியே வைப்பாகக் காட்டுமாறு கேட்கின்றன. அமெரிக்க நடுவண் அரசின் கல்விக் கடனும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே இளநிலைப் பட்டத்திற்காக ஐக்கிய அமெரிக்கா செல்ல எண்ணும் மாணவர், புறப்படும் முன்பே இதை அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு இப்பாதை தேவையில்லை. அவர்கள் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதி, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான சான்றிதழைப் பெற்று, மருத்துவமனைப் பயிற்சிக்கு நேரடியாக விண்ணப்பிக்கின்றனர்.