தாத்தாவின் மறதியும் குடலின் கதையும்

புக்கிட் மெர்தாஜாம் வட்டார வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதியதன்று. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாத்தா வீடு திரும்புகிறார். காயம் ஆறிவிடுகிறது. ஆனால், மகளைத் தம் தங்கையின் பெயர் சொல்லி அழைக்கிறார்; சாப்பிட்ட பிறகும் சோறு கேட்கிறார். "மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது" என்று உறவினர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அச்சத்தாலேயே அறுவை சிகிச்சைக்கு ஒப்பாத முதியோரும் உண்டு.

இதே முறையீட்டை இங்கிலாந்துக் குடும்பங்களிடம் கேட்டவர் டாக்டர் பெட்ஃபோர்ட். 50 வயதைத் தாண்டிய 1,193 நோயாளிகளை ஆராய்ந்து 1955-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மயக்க மருந்தின் மீதே சந்தேகத்தை எழுப்பியது. 1998-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 பேரில் ஒரு வாரத்திற்குப் பின் நால்வரில் ஒருவருக்கும், மூன்று மாதங்களுக்குப் பின் பத்தில் ஒருவருக்கும் நினைவாற்றல் குன்றியிருந்தது. ஆனால், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களையும் உடலின் ஒரு பகுதி மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, மயக்க மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியவில்லை.

பார்வை அழற்சியின் பக்கம் திரும்பியது. கத்தி பட்ட இடத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரள்கின்றன. அவை வெளியிடும் இரசாயனங்கள் இரத்தத்தின் வழியே மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. எலி ஆய்வுகளில் நினைவைக் காக்கும் மூளைப் பகுதியிலேயே அழற்சி காணப்பட்டது.

இந்த அணுக்களின் கதை 1882-இல் தொடங்குகிறது. இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ரோஜா முள்ளைக் குத்தி, அதை அணுக்கள் சூழ்ந்துகொள்வதைக் கண்டார் மெட்ச்னிகாஃப். 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். பின்னாளில், பெருங்குடல் கிருமிகளின் நச்சே முதுமைக்குக் காரணம் என்று வாதிட்டவரும் இவரே. பாரிஸ் பாஸ்டர் கழகத்தில் இவரிடம் பயின்றவர்களுள், பினாங்கில் பிறந்து பின்னர் சீனத்தில் பிளேக்கை ஒடுக்கிய டாக்டர் வூ லியன் தே ஒருவர் என்பது நம் மாநிலத்திற்குப் பெருமை.

குடல் பற்றிய அவரது கருத்தை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர், சாதாரண மலச்சிக்கலுக்கே பெருங்குடலை வெட்டியெடுக்கக் கிளம்பியதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது அந்தக் கருத்து வேறு உருவில் திரும்பியுள்ளது. பட்டினி, கிருமிக்கொல்லி மருந்து, வலி மாத்திரை, உடலதிர்ச்சி ஆகியவை குடலின் நல்ல கிருமிகளைக் குலைக்கின்றன. குடற்சுவர் தளர்ந்தால் அழற்சி கூடுகிறது. எலிகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை. எனவே தயிரை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. அறுவைக்கு முன்பே முதியவரின் நினைவாற்றலை மருத்துவரிடம் சொல்லி வைப்பதும், பின்னர் திடீர்க் குழப்பம் தெரிந்தால் உடனே தெரிவிப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடியவை.

மெட்ச்னிகாஃப் நாள்தோறும் புளித்த பால் அருந்தி வந்தார். 1916-இல், 71-ஆவது வயதில் இதய நோயால் காலமானார்.