துறை கடக்கும் நேரம்: முதியோர் மாரடைப்பில் இதய அதிர்ச்சி – குறிஞ்சாக்கேணியை முன்வைத்து

1. சிக்கல்

பேச்சுவழக்கில் அதிர்ச்சி என்றால் மனம் திடுக்கிடுவது. மருத்துவம் சொல்லும் இதய அதிர்ச்சி ஓசையில்லாமல் வருவது. மாரடைப்பில் தசை செத்துப்போக, இதயம் இறைக்கும் இரத்தம் உடலுக்குப் போதாமற் போகும் நிலை அது. இடக்கீழறைத் தசையில் ஏறத்தாழ 40 சதவீதம் கெட்டால் இந்நிலை வரும் என்பது பழைய பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் தந்த கணக்கு. மாரடைப்பு வந்தோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இதற்கு ஆளாகின்றனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. வயது ஏற ஏற இரண்டு எண்களும் ஏறுகின்றன.

முதியவருக்கு எந்தக் கருவியைப் பொருத்துவது, எந்த வயதோடு நிறுத்திக்கொள்வது என்பதைச் சுற்றியே இதுபற்றிய விவாதம் நடந்துவருகிறது. திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் நின்று பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அதிர்ச்சி வந்தபின் என்ன செய்வது என்பதைவிட, அது வருமுன் கையிலிருந்த நேரம் எங்கே போயிற்று என்பதே இங்கு முதன்மையான மருத்துவக் கேள்வி.

2. வயது குறித்த சான்று

1999இல் வெளிவந்த ‘ஷாக்’ ஆய்வில் இதய அதிர்ச்சிக்கு ஆளான 302 நோயாளர் சேர்க்கப்பட்டனர். அடைத்த தமனியை உடனே திறந்த குழுவில் முப்பது நாளுக்குள் இறந்தோர் 46.7 சதவீதம், மருந்தால் நிலைப்படுத்த முயன்ற குழுவில் 56 சதவீதம். ஆறு மாதத்தில் இந்த இடைவெளி உறுதிப்பட்டது. ஆனால் 75 வயதைக் கடந்தோரில் கணக்கு தலைகீழானது: உடனே திறக்கப்பட்டவர்களில் 75 சதவீதமும் மற்றவர்களில் 53.1 சதவீதமும் இறந்தனர். ‘எழுபத்தைந்துக்கு மேல் வேண்டாம்’ என்ற வழக்கம் இதிலிருந்து கிளைத்தது.

அந்த முடிவு வெறும் 56 முதியவர்களை நம்பி நின்றது. அதிலும் உடனே திறக்கப்பட்ட முதியவர்களின் இதயம் தொடக்கத்திலேயே கூடுதலாக நலிந்திருந்தது. மருத்துவர் தேர்ந்து அனுப்பிய முதியோர் நன்கு பிழைத்ததை அதே ஆய்வின் பதிவேடு பின்னர் காட்டியது. ஆகவே வயதை மட்டும் காரணம் காட்டிக் கைவிடுவதற்குச் சான்று இல்லை.

அதற்காகக் கருவிகளைக் கொண்டாடவும் முடியாது. தமனிக்குள் பொருத்தும் பலூன் பம்பினால் இறப்பு குறையவில்லை என்று 2012இல் 600 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 2024இல் வெளியான டென்மார்க்–ஜெர்மனி ஆய்வில், இதயத்துக்குள் செலுத்தும் நுண்பம்பு 180 நாள் இறப்பை 58.5 சதவீதத்திலிருந்து 45.8 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் 77 வயதுக்கு மேற்பட்டோரில் அந்தப் பலன் காணப்படவில்லை.

3. கைக்கெட்டும் மருந்து எங்கே தோற்கிறது

இலங்கையின் ஆதார வைத்தியசாலைகளில் மாரடைப்புக்குக் கைக்கெட்டும் முதல் ஆயுதம் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. அதன் எல்லையை 1986இலேயே இத்தாலியின் ‘கிஸ்ஸி’ ஆய்வு காட்டிவிட்டது. அதிர்ச்சியோடு வந்தவர்களுக்கு இத்தகைய ஊசியான ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்தில் ஏழு பேர் இறந்தனர். அழுத்தம் விழுந்த தமனியில் மருந்து கட்டிக்குள் ஊடுருவ முடிவதில்லை. அதிர்ச்சிக்கு முன் உயிர்காக்கும் அதே ஊசி, பின்னர் பெரும்பாலும் வெறும் சடங்காகிவிடுகிறது.

‘ஷாக்’ ஆய்வின் இன்னோர் எண் இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. மாரடைப்புத் தொடங்கியதற்கும் அதிர்ச்சி தோன்றியதற்கும் இடைப்பட்ட நேரத்தின் இடைநிலை அளவு 5.6 மணி. உள்ளூரில் கிடைக்கும் இந்த ஊசி வேலை செய்யும் காலம் பலருக்கும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

4. கட்டிலருகே

அந்த நேரத்தை முதலில் தின்பது நோயின் மாறுவேடம். முதியவருக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவருக்கு, நெஞ்சுவலி வராமலே போகலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், தலை சுற்றும். வீட்டில் அது ‘வாய்வு’ ஆகிவிடும். கொத்தமல்லி அவித்துக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

வைத்தியசாலையில் ஏமாற்றுவது இரத்த அழுத்தமானி. மேல் அழுத்தம் 90க்குக் கீழ் அரை மணி நீடித்தால் அதிர்ச்சி என்பது இலக்கணம். வழக்கமாக 160 இருக்கும் முதியவருக்கு 105 காட்டினால் அட்டையில் அது நல்ல எண். உடலுக்கோ அது வறட்சி. மானியை விட்டு முழங்காலைத் தொட்டால் சில்லென்றிருக்கும். விரல்நுனியை அழுத்தி விட்டால் இளஞ்சிவப்பு திரும்பச் சுணங்கும். சிறுநீர்ப் பையில் மணிக்கு 30 மில்லிலீட்டர்கூடச் சேராது. கேட்ட கேள்வியையே பெரியவர் திரும்பக் கேட்பார். இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

செய்யாமல் விடுவதும் சிகிச்சைதான். சீனாவில் 45,852 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரொலோல் மருந்தைத் தொடக்கத்திலேயே நரம்பூசியாகக் கொடுத்தபோது ஆயிரத்துக்குப் பதினொரு பேர் கூடுதலாக அதிர்ச்சிக்கு ஆளாயினர். 70 வயது கடந்தவர், அழுத்தம் 120க்குக் கீழே உள்ளவர், நாடித்துடிப்பு 110ஐத் தாண்டியவர் ஆகியோருக்கே அந்த ஆபத்து கூடுதல்.

5. நீரும் நேரமும்

கையிலிருந்த நேரத்தை அடுத்துத் தின்பது வழி. குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியா நகருக்கும் இடையே கிடப்பது நீர். புதிய பாலம் கட்டும் காலத்தில் மக்கள் இழுவைப் படகில் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது; பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். அந்தச் சாவுகளை நாடு கண்டது. பாலம் இல்லாத காலத்தில் ஒரு முதியவரின் நெஞ்சில் கழியும் மணிநேரங்களை எந்தப் பதிவேடும் காண்பதில்லை. இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று இருக்கும், துறையில் காத்திருந்தது இராது. கிண்ணியாவையும் திருகோணமலைப் பக்கத்தையும் இணைக்கும் 396 மீட்டர்ப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் பெரிய வைத்தியசாலைக்கான வழி சுருங்கியது. ஆனால் அந்தப் பாலத்தை அடையவே இன்னொரு நீரைக் கடக்க வேண்டியிருந்தவர்களுக்கு அது பாதி விடைதான்.

6. ஒரு மறுப்பு

‘அப்படியானால் தமனி திறக்கும் ஆய்வுகூடத்தை மாவட்டந்தோறும் அமைப்பதே தீர்வு’ எனலாம். அதை மறுப்பதற்கில்லை, அதிர்ச்சி வந்தபின் இறப்பைக் குறைப்பதாக நிறுவப்பட்ட முதன்மை வழி தமனியைத் திறப்பதே. ஆனால் வாய்வு என்று விடியும்வரை காத்திருந்தவருக்கு ஆய்வுகூடமும் பிந்திவிடும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள். வலியில்லாத மாரடைப்பை ஊரார் அறிவதும், மூச்சுவாங்கும் முதியவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பதும், 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்பியூலன்ஸ் தடையின்றி வந்துசேரும் வீதியும் ஒரே சிகிச்சைத் தொடரின் கண்ணிகள். இதய நோய்க்கான திட்டத்தில் வீதிப் பொறியியலாளருக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பது இதிலிருந்து நேரே பெறப்படும் முடிவு.