பட்டினி நகரத்தில் ஒலித்த சிம்பொனி

சிம்பொனி என்றால் என்ன? பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதற்காக எழுதப்படும், பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட, நீளமான இசைப் படைப்பு. பொதுவாக அதில் பாடல் வரிகள் இருக்காது. அப்படியானால் வார்த்தையே இல்லாத ஓர் இசை ஒரு போரைப் பற்றிப் பேச முடியுமா? ரஷ்ய இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை முன்வைத்து இந்தக் கேள்வி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. 'லெனின்கிராட் சிம்பொனி' என்பது அதன் இன்னொரு பெயர்.

ஷோஸ்டகோவிச் 1906-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அந்த நகரத்துக்குத்தான் பின்னாளில் லெனின்கிராட் என்று பெயர் மாறியது. 1926-ல் முதல் சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 19. வெளிநாடுகளிலும் புகழ் பரவியது. தடித்த கண்ணாடியும் பதற்றமான பேச்சும் கூச்ச சுபாவமும் கொண்ட மனிதர் அவர்.

1936 ஜனவரியில் ஸ்டாலின் அவருடைய ஓபரா ஒன்றைப் பார்க்க வந்தார். அதற்குப் பிறகு சில நாட்களிலேயே, கட்சி நாளேடான பிராவ்தா அந்த ஓபராவைக் கிழித்துத் தொங்கவிட்டது. அந்தக் காலத்தில் ஸ்டாலினுக்குப் பிடிக்காதவர்கள் இரவோடு இரவாகக் காணாமல் போனார்கள். ஷோஸ்டகோவிச்சுக்கு ஆதரவாக இருந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கி 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒத்திகை வரை வந்துவிட்ட நான்காவது சிம்பொனி திரும்பப் பெறப்பட்டது. அது மேடை ஏற 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! 1937 நவம்பரில் அரங்கேறிய ஐந்தாவது சிம்பொனிதான் அவரைக் காப்பாற்றியது. ஆக, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழப் பழகிய ஒருவர்தான் இந்த ஏழாவது சிம்பொனியை எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

1941 ஜூன் 22-ம் தேதி ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது. ஷோஸ்டகோவிச் ராணுவத்தில் சேர மனுக் கொடுத்தார். கண்பார்வை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதனால் இசைக் கல்லூரியின் தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்தார். செப்டம்பர் 8-ம் தேதி முற்றுகை தொடங்கியது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நகரத்தில் அமர்ந்து முதல் மூன்று பகுதிகளை எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் அரசு அவரைக் குடும்பத்தோடு வெளியேற்றியது. நான்காவது பகுதி டிசம்பர் இறுதியில், இன்று சமாரா என்று அழைக்கப்படும் குய்பிஷேவ் நகரில் முடிந்தது. 1942 மார்ச் 5-ல் முதல் அரங்கேற்றமும் அங்கேயே நடந்தது.

இனி இசைக்கு வருவோம். முதல் பகுதி கம்பீரமாகத் தொடங்கி மெல்ல அமைதியாகிறது. அப்போது எங்கோ தூரத்தில் ஸ்நேர் டிரம் எனும் சிறு முரசு தட்டுவது கேட்கிறது. அதன்மேல் ஒரு சாதாரண மெட்டு. விசில் அடிக்கலாம் போன்ற, கொஞ்சம் அசட்டுத்தனமான மெட்டு. அதே மெட்டு மறுபடி வருகிறது, மறுபடியும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வாத்தியங்கள் கூடுகின்றன, சத்தம் ஏறுகிறது. மெட்டு மட்டும் மாறுவதே இல்லை. பத்து நிமிடம் கழித்து அது காதைப் பிளக்கும் அரக்கத்தனமாக நிற்கிறது. முதலில் சிரிக்க வைத்தது இதுவா என்று தோன்றும்.

இந்தத் திரும்பத் திரும்ப வருதலைப் பல விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். வெறும் போர்ப் பிரசாரம், சரக்கு இல்லை என்றார்கள். ஆனால் அந்தக் குறைதானே இங்கே விஷயம்? சிந்திக்காத ஒன்று, சிந்திக்காததாலேயே வளர்ந்துகொண்டே போவதுதான் அந்த இசை காட்டும் பயங்கரம். மூன்றாவது பகுதி இறந்தவர்களுக்கான நீண்ட துக்கம். கடைசியில் வரும் வெற்றி முழக்கமும் லேசாக வருவதில்லை. மூச்சு வாங்க வாங்க மலை ஏறுவது போல வருகிறது.

இசைக் குறிப்புகள் மைக்ரோஃபிலிமாக்கப்பட்டு டெஹ்ரான், கெய்ரோ வழியாக மேற்கே போயின. 1942 ஜூலை 19-ல் டோஸ்கானினி நடத்த, அமெரிக்க வானொலியில் அது ஒலிபரப்பானது. ஆனால் உண்மையான பரீட்சை லெனின்கிராடில்தான் காத்திருந்தது.

1941 நவம்பர், டிசம்பரில் அங்கே தொழிலாளர் அல்லாதவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் முழுக்க மாவு இல்லை. லட்சக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள். நகரின் முதன்மை இசைக்குழு முன்பே சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. எஞ்சியது வானொலி இசைக்குழு. அதை நடத்திய கார்ல் எலியாஸ்பெர்க்கே பட்டினியால் நடக்க முடியாமல் கிடந்தவர். வாசிக்கும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 15 பேர். சிம்பொனிக்குத் தேவையோ ஏறத்தாழ நூறு பேர்! போர்முனையிலிருந்து ராணுவ வாத்தியக்காரர்கள் அழைக்கப்பட்டார்கள். கலைஞர்களுக்குக் கூடுதல் உணவு கொடுக்கப்பட்டது. ஊதுகுழல் வாசிப்பவர்களுக்கு ஊத மூச்சில்லாமல் முதல் ஒத்திகை சில நிமிடங்களிலேயே முடிந்தது.

1942 ஆகஸ்ட் 9-ம் தேதி கச்சேரி நடந்தது. அதற்கு முன்பே சோவியத் பீரங்கிகள் ஜெர்மானியப் பீரங்கி நிலைகளைத் தாக்கி அவற்றின் வாயை அடைத்தன. இசை ஒலிபெருக்கிகளில் நகரமெங்கும் ஒலித்தது, எதிரியின் பக்கமும் போய்ச் சேர்ந்தது. முற்றுகை முழுதாக விலக இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.

பின்னாளில் ஒரு சர்ச்சை கிளம்பியது. ஷோஸ்டகோவிச் 1975-ல் மறைந்தார். 1979-ல் அவருடைய நினைவுக்குறிப்புகள் என்ற பெயரில் சாலமன் வோல்கோவ் வெளியிட்ட நூல், அந்தச் சிம்பொனி ஹிட்லரை மட்டுமல்ல, ஸ்டாலினால் அழிந்தவர்களையும் நினைத்து எழுதப்பட்டது என்றது. அந்த நூலின் நம்பகத்தன்மை பற்றி அறிஞர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். நூலை நம்பாவிட்டாலும் ஒன்று நிச்சயம்: நாடே கொண்டாடிய இந்த மனிதரை 1948-ல் அதே கட்சி மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. வார்த்தை எழுதியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம். இசையில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெட்டு யாருடைய காலடி என்பதைக் கேட்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முரசு தொடங்கும்போது காதில் சரியாக விழாது. அதற்காக ஒலியைக் கூட்டி வைத்துவிட வேண்டாம். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்!